கொட்டிப்போன கிண்ணத்தின் மணல்கூடுகள்

ஆசென் செத்த அன்று அவன் மனைவி வெனெத்தா அழவில்லை. ஸ்மோலியன் மலையூர்ச் சனம் சும்மா இருக்குமா? "கல்நெஞ்சுக்காரி" என்று குசுகுசுத்தது. அதுவும் அவளுக்கு உறைக்கவில்லை. மனசு மரத்துப் போயிருந்தது.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் கண்ணாடிக் குழாய் கழுவியவள் வெனெத்தா. கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர்மேல் அவளுக்குக் கிறுக்கு. ஒரே செல்தான், ஆனால் வீடு கட்டும். மணல் துணுக்குகளை விழுங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக் குடுவை மாதிரி ஒரு கூடு செய்துகொள்ளும். அடியில் ஒரு வாய். அதன் வழியே விரல் மாதிரி உடம்பை நீட்டி நகரும். பாசி படிந்த, ஓடாத தண்ணீரின் சேறுதான் அதற்கு ஊர். அதில் அவள் பார்த்துவந்த வகை இருந்த குட்டையைப் போன வருஷம் மண்ணடித்து மேடாக்கி விடுதி கட்டிவிட்டார்கள். மிச்சமிருந்தது அவள் சமையலறைச் சன்னலில் ஒரு கிண்ணம் குட்டைத் தண்ணீர் மட்டும்.

அடக்கம் முடிந்து வந்து பார்த்தால், கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது.

"ஸ்லாத்கா, இதிலிருந்த தண்ணி எங்கே?"

ஸ்லாத்கா ஆசெனின் தங்கை. "கொட்டிட்டேன் அண்ணி. சாவு விழுந்த வீட்ல தண்ணிய வச்சிருப்பாங்களா? வாளி, கெட்டில், பூஜாடி எல்லாத்தையும் கொட்டினேன். அது வெறும் அழுக்குத் தண்ணிதானே?"

"எங்கே கொட்டினே?"

"பிளம் மரத்தடியில."

கோபம்கூட வரவில்லை. ஊரில் எவளும் செய்வதைத்தான் ஸ்லாத்கா செய்திருந்தாள். வெனெத்தா ஒரு கரண்டியோடு போய் மரத்தடி மண்ணைச் சுரண்டினாள்.

"அண்ணன் போய் ரெண்டு நாள் ஆகல, மண்ணக் கிளறிட்டு இருக்கீங்களே! பாக்கறவங்க என்ன சொல்வாங்க?"

"சொல்லிட்டுப் போகட்டும்."

கல்லூரி கழித்துப்போட்ட பழைய நுண்ணோக்கி ஒன்று வீட்டில் இருந்தது. தோட்டத்து மணல் எது, கூடு எது என்று தேடிக் கண் பூத்துப்போனது. கிடைத்தது பதினேழு. பதிமூன்று காலி. நான்கின் வாய் அடைத்திருந்தது. ஈரம் வற்றினால் வாயை மூடிக்கொண்டு உள்ளே சுருண்டுவிடும். உயிரோடு சுருண்டதா, செத்ததா, யாருக்குத் தெரியும்? மழைத்தண்ணீர் விட்டு வைத்தாள். தினமும் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. அதற்கும் அவளுக்கு வருத்தம் வரவில்லை.

ஒன்பதாம் நாள். படையலுக்கு ஸ்லாத்கா சமையலறையில் கோதுமை அவித்துக்கொண்டிருந்தாள். உள்ளறையில் வெனெத்தா நுண்ணோக்கியில் குனிந்திருந்தாள். ஒரு கூட்டின் வாய் திறந்தது. கண்ணாடி போன்ற ஒரு விரல் மெல்ல வெளியே வந்து மணலைத் தடவியது.

"ஆசென், ஓடி வா! இங்க வந்து பாரு!"

கத்திய பிறகுதான் என்ன கத்தினோம் என்று அவளுக்கு விளங்கியது. அகப்பையும் கையுமாக ஓடி வந்து நின்றவள் ஸ்லாத்கா. வெனெத்தா அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, தெருவே கேட்க ஓவென்று அழுதாள்.