கல்கத்தாவில் நான் பேசிய தமிழ்

மாடிப்படியில் எதிர்ப்படும்போதெல்லாம் வீட்டுக்கார அம்மாள், "பாலோ ஆச்சோ?" என்று கேட்பாள். பால் வாங்கியாயிற்றா என்று கேட்பதாக நினைத்து, "பால்காரன் இன்னும் வரவில்லை" என்று தமிழிலேயே பதில் சொல்வேன். அவளும் தலையாட்டிவிட்டுப் போவாள். நலமா என்றுதான் அவள் கேட்டிருக்கிறாள் என்பது எனக்கு விளங்கியபோது நான் நலமாக இல்லை. டைப்பிஸ்ட் உத்தியோகம் கிடைத்து என்னையும் இந்த ஊருக்கு அழைத்து வந்த கணவர் விஷக்காய்ச்சலில் போய்விட்டிருந்தார்.

திருவிதாங்கூரில் என் ஊரான புதுக்கடைக்குத் திரும்பியிருக்கலாம். தம்பி வீட்டில் எனக்கு ஒரு மூலை இருந்தது. அந்த மூலையை நினைத்துத்தான் போகாமலிருந்தேன். எனக்குத் தெரிந்தவை இரண்டு வேலைகள். ஒன்று பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது. மற்றொன்று நடிப்பு. மிஷன் பள்ளிக்கூடத்துக் கிறிஸ்துமஸ் நாடகங்களில் ரூத்தாகவும் மரியாளாகவும் நின்றவள் நான். அம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்து, "ஒனக்க ஒச்சை எனக்க பக்கத்துல இருந்து பேசினதுபோல கேட்டு மக்கா" என்பாள். ஊரில் குரலை ஒச்சை என்றுதான் சொல்வோம்.

அப்போது தமிழ்ப் பேசும்படங்களைக் கல்கத்தா ஸ்டூடியோக்களில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஸ்டூடியோ வாசலில் போய் நின்றேன். காவல்காரன் இந்தியில் ஒரே கேள்விதான் கேட்டான்: "யாருடைய ஆள்?" யாருடைய ஆளும் இல்லை என்றேன். கதவைச் சாத்திவிட்டான். ஒரு ஏஜெண்டின் பெயரைச் சொல்லாமல் அங்கே யாரும் உள்ளே போக முடியாது என்று பிறகு தெரிந்தது.

தமிழ் தெரிந்த முகங்களை ஸ்டூடியோக்களுக்கு அனுப்பி வந்தவர் கும்பகோணத்துக்காரர் வெங்கட்ராமன். என்னை ஜன்னலருகே நிறுத்திப் பார்த்தார். பேசச் சொன்னார். பேசினேன்.

"மொகம் சரி. வாயைத் தெறந்தா மலையாளம்னா வரது!"

"மலையாளம் இல்ல. எங்க ஊருத் தமிழாக்கும்."

"படம் பாக்கறவன்கிட்ட அதை யார் போய்ச் சொல்றது?"

பேசாத வேஷங்களுக்கு மட்டும் அனுப்புவதாக ஒப்புக்கொண்டார். ஒன்றரை வருஷம் திரையில் வாய் திறக்காமல் பூக்கூடை ஏந்தினேன், கூட்டத்தில் ஓடினேன், யார் யாருடைய பிணத்தின் பக்கத்திலோ உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டேன். கணவருக்காக அழமுடியாமல் இருந்தவள் அங்கேதான் அழுதேன். நன்றாக அழுகிறாள் என்று பெயர் வந்தது.

பேச்சும் வேண்டும் என்று கேட்டபோது, தம் மனைவியிடம் தினமும் வந்து பழகச் சொன்னார் வெங்கட்ராமன். அந்த மாமி நல்லவள். காப்பி கொடுத்துவிட்டு, "ராகம் போடாதேடி, பேசு" என்பாள். என் 'ழ' ஒன்றை மட்டும் மெச்சினாள். மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். கடைசியில் தமிழ்க்காரர் கடையில் பேரம் பேசும்போதுகூட அவள் தமிழ்தான் எனக்கு வந்தது. வெங்கட்ராமன் முதலாளிகளிடம், "எங்க ஊர்ப் பொண்ணு" என்று சொல்லி, இளவரசன் இறந்த சேதியை அரசனிடம் சொல்லும் தாதி வேஷத்தை வாங்கித் தந்தார். முதல் தடவையிலேயே சரியாகப் பேசினேன். அன்று அறைக்கு வந்து தனியாகச் சிரித்தேன்.

அந்தப் படம் நாகர்கோவிலில் ஓடி முடிந்த பிறகு ஊருக்குப் போனேன். அம்மாவுக்குக் கண்ணில் சதை வளர்ந்து பார்வை மங்கியிருந்தது. சினிமாவைப் பாவம் என்னும் எங்கள் கிறிஸ்தவ சபையில் யாருக்கும் தெரியாமல் தம்பி அவளைக் கூட்டிப்போய்ப் படத்தைக் காட்டியிருந்தான்.

"பாத்தியாம்மா?" என்று கேட்டேன்.

"எனக்குக் கண்ணு தெரியாதுல்லா. இன்னா அக்கா வந்தாச்சுன்னு இவன் சொன்னான். ஒனக்க ஒச்சைக்குக் காத்திருந்தேன். வேற ஏதோ ஒருத்தியில்லா பேசினா."

"நாந்தான் பேசினேன்."

"ஒனக்க ஒச்சை எனக்குத் தெரியாதா?"

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தத் தாதியின் பேச்சை எங்கள் பேச்சில் சொல்லிக் காட்டினேன். இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்தேன். கொஞ்சம் அதிகமாக இழுத்துவிட்டேன் போலிருக்கிறது. அம்மா என் வாயை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நடிக்காத மக்கா," என்றாள். "எங்கிட்டயுமா?"

தம்பி எழுந்து வெளியே போனான். பிறகு ஊரிலிருந்த நாட்களில் நான் அதிகம் பேசவில்லை. பேசும் ஒவ்வொரு சொல்லையும் அம்மா தலையைச் சாய்த்துக் கேட்பாள். யார் வீட்டு விருந்தாளியோ பேசுவதுபோல் மரியாதையாகக் கேட்பாள்.

திரும்பும்போது திருநெல்வேலி பஸ் ஆரல்வாய்மொழிச் சுங்கச் சௌக்கையில் நின்றது. அங்கேதான் திருவிதாங்கூர் முடிகிறது. சோதனைக்கு ஏறிய சேவகன் ஒவ்வொருவரிடமும் எந்த ஊர், எங்கே போகிறாய் என்று கேட்டுக்கொண்டே வந்தான். என்னிடமும் கேட்டான். புதுக்கடை என்று சொல்ல வாயெடுத்தேன். எந்தக் குரலில் சொல்வது என்று தெரியவில்லை. அவன் மறுபடியும் கேட்டான். பின்னாலிருந்த ஒரு பெண், "விடுங்கோ, பாவம், அவளுக்குப் பேச்சு வராது போல" என்றாள். அவன் இரக்கத்தோடு என்னைத் தாண்டிப் போனான். நான் மறுக்கவில்லை. குறுக்குக் கம்பை உயர்த்தினார்கள். பஸ் எல்லையைத் தாண்டும்போது அந்தப் பெண் என் தோளைத் தட்டி, இன்னும் மூடாமலிருந்த என் வாயருகே ஒரு வாழைப்பழத்தை உரித்து நீட்டினாள்.