அடித்தது யார் என்று கேட்ட புஜ்ஜிக்கா

புஜ்ஜிக்கா, நீ போய்விட்டாய் என்று உன் மகன் போனில் சொன்னபோது நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அது கருகும்வரை அப்படியே நின்றேன். சாவுக்குத் திருநின்றவூர் லைன் வீட்டில் நம்மோடு குடியிருந்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். உன்னிடம் திட்டு வாங்காதவர் அதில் யாருமில்லை. அழுகைக்கு நடுவிலேயே அதையெல்லாம் சொல்லிச் சிரித்தோம்.

எனக்கு என் வீட்டுக்காரர் வாங்கிய திட்டுதான் நினைவுக்கு வந்தது. என் கையில் இருந்த ரத்தக்கட்டைக் குழாயடியில் பார்த்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்குள் நுழைந்தாய்.

"பொண்டாட்டிய அட்ச்சிட்டு இட்லி துன்னுகினு கீறியா?"

அவர் வாயில் வைத்த இட்லியை விழுங்கவும் முடியாமல் என்னைப் பார்த்தார். கொசுவைக்கூட அடிக்காத மனுஷன். நான் சிரித்துவிட்டேன். யாரும் அடிக்கவில்லை, லேசாக இடித்தாலே எனக்கு இப்படி நீலம் பூக்கும், அம்மாவுக்கும் மகளுக்கும்கூட அப்படித்தான் என்றேன். நீ விடவில்லை. கேட்டுக்கேட்டு எல்லாவற்றையும் வாங்கினாய். மகளுக்கு அடிக்கடி மூக்கில் ரத்தம் வருவது, பல் பிடுங்கியபோது எனக்கு ரத்தம் நிற்காதது, மாதவிலக்கில் எங்கள் மூன்று பேருக்கும் துணி தாங்காதது. எங்கள் வீட்டுப் பெண்களுக்கு உடம்பே அப்படித்தான் அக்கா என்றேன்.

"அப்டித்தான்னு நீயே சொல்லிக்கினு கீற. எந்த டாக்டரு சொன்னாரு?"

நீதான் எங்களைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாய். ரத்தம் உறையத் தேவையான ஒன்று எங்களுக்குப் பிறவியிலேயே குறைவு, அம்மாவிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து மகளுக்கு என்று டாக்டர் சொன்னார். நாங்கள் உடம்புவாகு என்று நினைத்ததெல்லாம் அதன் அறிகுறிகளாம். கேட்காமல் வலி மாத்திரை போடக் கூடாது, பல் பிடுங்கினாலும் பிரசவமானாலும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும் என்றார்.

அன்று மாலை என் வீட்டுக்காரருக்கு மீன்குழம்பு கொண்டுவந்தாய். "மன்னிப்புலாம் கேக்க மாட்டேன் நைனா, துன்னு" என்றாய்.

மகளுக்குப் பிரசவம் ஆனபோது மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டுதான் பார்த்தார்கள். தாயும் பிள்ளையும் நலம். குழந்தையைத் தூக்கி நீ முதலில் அதன் கைகால்களைத்தான் திருப்பிப் பார்த்தாய்.

உன்னிடமிருந்து நான் வைத்துக்கொண்டது கேட்டுவிடுகிற அந்தப் பழக்கம்தான். போன வாரம் எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்த பெண்ணின் தோளில் நீலமாக இருந்தது. அடியோ நோயோ, எதுவானாலும் கேட்க வேண்டியதுதானே என்று போனேன். கதவைத் தட்டுவதற்குள் கால் நடுங்கிவிட்டது. ஆனாலும் தட்டினேன், கேட்டேன். அன்று எங்கள் வாசலில் உனக்கும் நடுங்கியதா, அக்கா?