கடைசிப் பந்தியில் உட்கார்ந்த தாய்மாமன்

எனக்குக் கையெழுத்துக்கூடப் போட வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்; என் பேச்சைப் புத்தகத் தமிழாக்குவது அவள் பாடு. தம்பி இறந்து வருஷம் திரும்பிவிட்டது. அழ மாட்டேன், பெருமையாகத்தான் சொல்வேன்.

காரைக்குடிக்குப் பக்கத்தில், உழுது பிழைக்கிற சம்சாரி வீட்டில் பிறந்தவன். ஊருக்கு அவர் புரொபசர், எனக்கு அவன்தான். மெட்ராஸ் காலேஜில் பாடம் சொன்னவனைச் சர்க்கார் கூப்பிட்டுக் கூலி நிர்ணயிக்கிற கமிட்டியில் போட்டது.

“என்னடா படிப்பு அது?”

“வேலை செய்யிறவுகளுக்கு என்ன குடுக்கணும்னு பாக்குற படிப்புக்கா.”

“எங்க மாமியாளக் கேட்டா, ஒண்ணும் குடுக்க வேணாம்பாக!”

என் மூத்த மகள் கல்யாணம். சம்பந்தியோடு முதல் பந்தியில் உட்கார வேண்டிய தாய்மாமனைக் காணோம். என் வீட்டுக்காரர் குதிக்கிறார். கொல்லையில் போய்ப் பார்த்தால், சமையல்காரரோடு வந்த அரைப்புக்காரி முத்தாயியோடு பேசிக்கொண்டிருக்கிறான். அன்றைக்கு அவள் அரைத்த மசாலுக்குத் தெருவே மணத்தது! அவளோடும் மற்ற அரைப்புக்காரப் பெண்களோடும் கடைசிப் பந்தியில்தான் சாப்பிட்டான். சம்பந்திக்கு முகம் சுண்டிப்போனது.

அடுத்த மாசமே அரைப்புக்காரிகளின் கூலியை விசாரிக்கக் கமிட்டி காரைக்குடிக்கு வந்தது. “அந்தப் பொம்பளைக சோத்துக்கு வர்றாக, கூலிக்கு இல்ல” என்று தலைமைச் சமையல்காரர்கள் சாதித்தார்கள். அந்தப் பெண்களே வந்து சொல்லாவிட்டால் கூலி எழுத முடியாது என்றது கமிட்டி. தம்பி சொன்னதால் முத்தாயியைக் கூப்பிட நானே அவள் ஊரான தேவகோட்டைக்கு பஸ் ஏறினேன்.

“பேசிட்டா அப்புறம் எவுக ஆத்தா வேலைக்குக் கூப்புடுவாக?” என்றாள் முத்தாயி.

“எங்க வீட்டு விசேஷத்துக்கெல்லாம் நீதேன். வா.”

வந்தாள். ஊர்ப் பெரியவர்கள் நிறைந்த சபையில் தம்பி எடுத்த எடுப்பில் கேட்டான்: “எங்க அக்கா மக கல்யாணத்துக்கு என்னம்மா வாங்குனீக?”

“சோறும் மிச்சக் கொழம்புந்தேன்யா.”

முன்வரிசையில் இருந்த என் வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தார். சொந்த அக்கா வீட்டையே முதலில் சபைக்கு இழுத்தவனிடம் எந்தச் சமையல்காரர் எதிர்வாதம் செய்வார்? சாப்பாடு போக ரொக்கக் கூலியும் உண்டென்று உத்தரவு வந்தது. என் வீட்டுக்காரர்தான் ஆறு மாசம் தம்பியோடு பேசவில்லை.

தம்பியின் கடைசி நோயில் உடனிருந்து பார்த்த மாணவர்களுக்கும், வந்து தோள்கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் கும்பிடு. பதினாறாம் நாள் காரியத்துச் சமையலுக்கு முத்தாயிதான் அரைத்தாள். கூலி வேண்டாம் என்றாள்.

“வாங்கிக்க ஆத்தா. இல்லாட்டி மாப்ள எந்திரிச்சு வந்து என்னைய வைவான்” என்றார் என் வீட்டுக்காரர். பிறகு முத்தாயிக்கும் கூட வேலை செய்தவர்களுக்கும் அவரே இலை போட்டார்.

“உக்காருங்க எல்லாரும். இன்னைக்கு மொதப் பந்தி ஒங்களுக்குத்தேன்.”