வடக்கே சரியும் கூரை

ராஜபாளையத்தில் ஒரு இன்ஜினியர் ஆபீஸில் வீட்டுப் படங்களைக் கம்ப்யூட்டரில் மாடல் செய்வது என் வேலை. குடியிருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில், மாமனார் மாமியாரோடு. காலையில் பஸ் ஏறினால் அரை மணி நேரம். ஜன்னலோரம் கிடைத்தால் மலையைப் பார்த்துக்கொண்டே போவேன், கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எப்படிப் போனாலும் அந்த அரை மணி நேரம் என்னிடம் யாரும் காபி கேட்க மாட்டார்கள். பாவம், பஸ்ஸில் இடிபட்டுப் போகிறாள் என்று தெருவே உச்சுக்கொட்டும். நானும் முகத்தை வாட்டமாக வைத்துக்கொள்வேன். சந்தோஷமாகப் போகிறேன் என்று தெரிந்தால் விடுவார்களா?

ஒரு நாள் சார் கூப்பிட்டு, உங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாமனார் ஒரு ரூம் எடுக்கிறார், மேலே தகரக் கூரை, படத்தை நீயே போட்டுவிடு என்றார். வீட்டில் ஒருத்தரும் என்னிடம் மூச்சுவிடவில்லை. வாடகைக்கு விடத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டரில் கூரை போடுவது பெரிய வித்தை இல்லை. நான்கு சுவர் மேலும் கோடு இழுத்து, எந்தப் பக்கம் தாழ வேண்டுமோ அந்தக் கோட்டுக்கு மட்டும் சரிவு கொடுத்தால் போதும். புதிதாக வருகிறவர்கள் நான்கு கோட்டுக்கும் கொடுத்துக் கூடாரம் அடித்துவிடுவார்கள். மாமனார் வாஸ்து பார்க்கிறவர். மழைத்தண்ணீர் வடக்கேதான் விழவேண்டும் என்று சாரிடம் சொல்லியிருந்தார். வடக்கே தாழ்த்தினேன். மாடலைத் திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, படியேறி வரும் வாசலும் வடக்கில்தான். உள்ளே நுழைகிறவர் தலை தகரத்தில் இடிக்கும்.

சாயங்காலம் மாமனாரே ஆபீஸுக்கு வந்துவிட்டார். சார் குடிக்கக் கலர் வாங்கிக் கொடுத்து, என் பின்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். யாருக்கு வாடகைக்கு விடப் போகிறீர்கள் மாமா என்று கேட்டேன்.

"வாடகைக்கா? ஒனக்குத்தாம்மா. இனிமே பஸ்ஸுல கெடந்து அலைய வேண்டாம். கம்ப்யூட்டர மேலேயே போட்டுக்கிட்டு வேலயப் பாரு."

சாரும் சம்மதித்தாயிற்று. எல்லாம் பேசி முடித்துவிட்டுத்தான் என்னிடம் கூரை கேட்டிருக்கிறார்கள். கரித்துக்கொட்டுகிற மாமனாராக இருந்தால் சண்டையாவது போடலாம். இவர் ஆசையாகச் செய்கிறார்.

"எனக்கு இந்த ரூம் வேண்டாம் மாமா."

அவர் சிரித்தார். எங்கள் பக்கம் மருமகள் எதையும் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும், சேலையானாலும் வளையலானாலும். கல்யாணமானதிலிருந்து அப்படிச் சொல்லிச் சொல்லியே எல்லாவற்றையும் வாங்கியவள்தான் நானும். நிஜமாகவே வேண்டாம் என்பதற்கு என்னிடம் வேறு வார்த்தை இல்லை. செலவுக்குக் கூச்சப்படுது பிள்ளை என்று சாரிடம் பெருமையாகச் சொன்னார்.

மிச்சமிருந்தது அந்த வாசல்தான். வடக்கே சரிவு வைத்தால் தலை இடிக்கும், தெற்கே திருப்பினால்தான் ரூம் சரிப்படும் என்று கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். வாஸ்துவை அவர் விட்டுக்கொடுக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். நினைத்தபடியே முகம் சுருங்கியது. தெற்கே தண்ணீர் விழுந்தால் குடும்பத்துக்கு ஆகாது, அப்படியானால் ரூமே எடுக்க வேண்டாம் என்று முனகினார். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

சார் எட்டித் திரையைப் பார்த்தார்.

"கூரைய அப்பிடியே ரெண்டு அடி தூக்கிருவோம். எம்புட்டு நேரம் ஆகும்மா?"

அந்தக் கேள்விக்கு எப்போதும் ஒரே பதில் சொல்லித்தான் இந்த ஆபீஸில் நான் கெட்டிக்காரி என்று பேர் வாங்கியிருக்கிறேன். யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"ஒரு நிமிஷந்தான் சார்."

அவ்வளவுகூட ஆகவில்லை.