செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

பாரிஸின் லா ஷப்பலில் என் மனைவி வேலை செய்யும் மரக்கறிக் கடை ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் இருக்கிறது. அந்தக் கடையின் பின்பக்கம், வெங்காய மூட்டைகளுக்கு நடுவில்தான் என் ஆர்ஜென்டினாப் பயணம் தீர்மானமானது. தீர்மானித்தது அவள். நான் போய்வந்தேன், அவ்வளவுதான்.

எங்கள் ஒரே மகள் இங்கே பிறந்து வளர்ந்தவள். படிப்பு என்றால் எங்கள் சனத்துக்கு டாக்டர், எஞ்சினியர், கணக்காளர் தவிர வேறொன்றும் கண்ணுக்குத் தெரியாது. இவள் வைன் செய்வதைப் படித்தாள். கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால் மனைவி "விவசாயம் படிக்கிறாள்" என்று பாதியைச் சொல்லி முடித்துவிடுவாள். படிப்பு முடிந்ததும் ஆர்ஜென்டினாவின் வடமேற்கு மூலையில், கடல்மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே, ஒரு பாலைவனப் பள்ளத்தாக்கிலுள்ள வைன் தோட்டத்தில் வேலை கிடைத்துப் போனாள். ஒரு வருட ஒப்பந்தம். ஒப்பந்தம் முடிந்தும் அவள் வரவில்லை. தனக்கென்று ஒரு சின்னத் திராட்சைத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருப்பதாகவும், இனி அங்கேயே இருக்கப்போவதாகவும் போனில் பிரெஞ்சில் சொன்னாள். கஷ்டமான விஷயங்களை அவள் பிரெஞ்சில்தான் சொல்லுவாள்.

"போய்க் கையோடை கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாள் மனைவி. "போனிலை சொன்னா கேக்கமாட்டாள். உங்களை நேரிலை கண்டா மறுக்கமாட்டாள்."

"நீரும் வாருமன்."

"நான் வந்தா அழுவன். நீங்கள் போங்கோ."

வீட்டிலுள்ள மிகப் பெரிய சூட்கேஸை எடுத்து அடுக்கினாள். மிளகாய்த்தூள், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு. போகும்போது சாமான், வரும்போது மகளின் உடுப்பு. சூட்கேஸ் வெறுமையாகத் திரும்பக்கூடாது என்பதுதான் எனக்குக் கிடைத்த கட்டளை.

நான் வட ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல்காரன். வைனை இவ்வளவு காலமும் சட்டிக்குள்தான் ஊற்றியிருக்கிறேன். மாட்டிறைச்சி வேகிறபோது எந்த வைனுக்கு என்ன மணம் வரும் என்று தெரியும், கிளாசில் ஊற்றினால் என்ன பேசுவது என்று தெரியாது. முதலாளியிடம் வைன் பிரதேசம் ஒன்றைப் பார்க்கப் போகிறேன் என்று லீவு கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

புவனோஸ் ஐரஸ் விமான நிலையத்தில் கருவாட்டைப் பறித்துக்கொண்டார்கள். மிளகாய்த்தூளை மணந்து பார்த்தவர் தும்மிவிட்டுத் திருப்பித் தந்தார். அங்கிருந்து சால்டா நகரத்துக்கு இன்னொரு விமானம். பிறகு ஒரு பழைய பஸ், மலையில் சுற்றிச் சுற்றி ஏறியது. காது அடைத்தது, தலை இடித்தது. பக்கத்தில் இருந்த அம்மா ஒருத்தி ஒரு பையிலிருந்து காய்ந்த இலைகளை எடுத்து என் கையில் வைத்து, கன்னக் கொடுப்புக்குள் அடக்கச் சொல்லிச் சைகை காட்டினாள். மலைத் தலையிடிக்கு அங்கே எல்லோரும் செய்கிற வைத்தியமாம். வெற்றிலை போடுகிற மாதிரி அடக்கிக்கொண்டேன். தலையிடி குறைந்ததோ இல்லையோ, வாய்க்கு வேலை கிடைத்தது.

பாரிஸில் ஜனவரிக் குளிரை விட்டுப் போன எனக்கு அங்கே நல்ல கோடை. சிவப்பு மலை, புழுதி, ஆளைவிட உயரமான கள்ளிகள். பகலில் வெயில் தோலை உரித்தது. பொழுது விழுந்ததும் கம்பளி தேவைப்பட்டது. சொண்டு வெடித்து, சிரித்தாலே வலித்தது. இந்த வெயிலும் குளிரும் மாறி மாறி அடிப்பதால்தான் பழத்தின் தோல் தடித்து, வைனுக்கு நிறமும் மணமும் ஏறுகிறது என்று மகள் விளக்கினாள். உல்லாசப் பயணிகள் கூட்டத்தோடு என்னையும் அவள் முந்தி வேலை செய்த தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே எல்லோரும் வைனை வாயில் வைத்து அலசித் துப்பினார்கள். நான் சாப்பாட்டுச் சாமானைத் துப்பிப் பழகாதவன், விழுங்கிவிட்டேன். அவர்களுடைய வெள்ளை வைனை மூக்கில் வைத்தால் மல்லிகைப்பூ மணந்தது. குடித்தால் மல்லிகையும் இல்லை, ஒன்றும் இல்லை, புளிப்புத்தான். வந்த வேலை வேறு என்பதால் அதை நான் சொல்லவில்லை.

மகளின் துண்டு நிலம் அவள் இருந்த மண்சுவர் வீட்டுக்குப் பின்னால். பழைய கொடிகள், தலைக்கு மேலே பந்தல் போட்டுப் படரவிட்டிருந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்திலும் திராட்சையை இப்படித்தான் பந்தலில் விடுவார்கள். வேலியோரம் ஒரு மண் வாய்க்கால் ஓடியது. மலையில் பனி உருகி வருகிற தண்ணீர், பல தோட்டங்களைத் தாண்டிப் போகிறது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் வாய்க்காலில் ஒரு வாய் வெட்டி, அதைத் தகரத்தாலும் மண்ணாலும் அடைத்திருந்தார்கள். நான் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் வீட்டுப் பிள்ளை. இதைப் பார்க்க எனக்கு ஒருவரும் விளக்கம் தரத் தேவையில்லை என்று நினைத்தேன்.

அந்த நினைப்புத்தான் என்னைக் கவிழ்த்தது.

போய் நாலைந்து நாளாகியும் நித்திரை சரிவரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளனவே எழும்பி வெளியே வந்தேன். மகள் நித்திரை. வாய்க்கால் முட்ட முட்டத் தண்ணீர் ஓடுகிறது, அவளுடைய தோட்டத்து வாய் அடைத்தபடி இருக்கிறது, பந்தலின் கீழ் நிலம் வெடித்துக் கிடக்கிறது. தண்ணீர் வந்திருக்கிறது, பிள்ளை படுத்துக்கிடக்கிறாள் என்று என் மனம் முடிவுகட்டிவிட்டது. சுவரில் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்தேன். காற்சட்டையை மடித்துவிட்டு வாய்க்காலை மறித்து, அந்த வாயைத் திறந்துவிட்டேன்.

பாத்திக்குப் பாத்தி தண்ணீரைத் திருப்பிவிடுவதை நாங்கள் தண்ணி மாறுவது என்போம். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு தண்ணி மாறினேன். தண்ணீர் ஐஸ் மாதிரிக் குளிர்ந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. மகள் எழும்பி வந்து பார்த்தால் அப்பாவும் உதவுவார் என்று நினைப்பாள், அந்த நேரம் பார்த்துக் கதையைத் தொடங்கலாம் என்றும் கணக்குப் போட்டேன்.

ஒரு வரிசை முடிகிறபோது வாய்க்கால் வரம்பில் ஒரு மனிதர் மேல்நோக்கி நடந்து வந்தார். என் வயதுதான் இருக்கும். அகலத் தொப்பி, தோளில் மண்வெட்டி. நான் நின்று "போன்ஜூர்" என்றேன். அவர் நான் மறித்த மண்ணைப் பார்த்தார். பிறகு கீழே, தான் வந்த பக்கத்தைக் கையால் காட்டினார். அங்கே அவருடைய மிளகாய்த் தோட்டம். அவ்வளவுதான், ஒரு பாஷையும் தேவைப்படவில்லை. தோட்டத்துக்கு ஒரு நாள் என்று தண்ணீர் முறை வைத்திருக்கிறார்கள், அன்றைக்கு அவருடைய முறை. அவருடைய தண்ணீரை நான் நடுவழியில் வெட்டி எடுத்துவிட்டேன்.

முறைத் தண்ணீரில் கை வைப்பது என்றால் என்னவென்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரே கிணற்றில் பங்கு வைத்திருந்த சகோதரங்கள் இதற்காக மண்வெட்டியால் அடிபட்டிருக்கிறார்கள், ஒருவர் செத்த வீட்டுக்கு மற்றவர் போகாமல் விட்டிருக்கிறார்கள். எனக்குக் கால் குளிர்ந்தது தண்ணீரால் மட்டுமல்ல.

அதற்குள் மகள் எழும்பி வெறுங்காலோடு ஓடிவந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேரே போய் நான் போட்ட மண்ணைக் கையாலேயே கிளறித் தள்ளினாள். தண்ணீர் கீழே பாய்ந்தது. பிறகு நிமிர்ந்து அந்த மனிதரோடு ஸ்பானிஷ் மொழியில் கதைத்தாள். எங்கள் வீட்டில் கேளாத ஒரு குரல் அது. கெஞ்சலும் இல்லை, சண்டையும் இல்லை. அவர் ஏதோ கேட்டார். இவள் கொஞ்சம் யோசித்துத் தலையாட்டினாள். அவர் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

"என்ன பிள்ளை சொன்னவர்?"

"செவ்வாய்க்கிழமை என்ரை முறை. அதை அவருக்குக் குடுத்திட்டன்."

"முழுக்கவோ? நான் ஒரு வரிசைக்குத்தானே விட்டனான்."

"இஞ்சை அப்பிடித்தான் அப்பா. பிழை விட்டால் முழு முறையும் போகும்."

"உன்ரை முந்திரிகைக்கு?" திராட்சையை நாங்கள் முந்திரிகை என்றுதான் சொல்லுவோம்.

"வாடும். அடுத்த கிழமை வரைக்கும் தாங்கும் எண்டு நினைக்கிறன்."

அதை அவள் தமிழில் சொன்னாள். பிரெஞ்சில் சொல்லியிருந்தால் ஏச்சு என்று எடுத்திருப்பேன்.

அன்று பின்னேரம் அந்த மனிதர் லேபல் ஒட்டாத ஒரு போத்தலோடு வந்தார். தன்னுடைய கொடியில் செய்த சிவப்பு வைன். கிளாசில் ஊற்றி, முதலில் கொஞ்சத்தை நிலத்தில் ஊற்றினார். மண்ணுக்குக் கொடுக்காமல் அங்கே குடிக்கமாட்டார்களாம். பிறகு கிளாசை என்னிடம் நீட்டி ஏதோ சொன்னார். நான் அங்கே போன பிறகு மகள் சிரித்ததை அப்போதுதான் முதல் தடவையாகக் கண்டேன்.

"நீங்கள் நல்லாத் தண்ணி மாறுறியளாம். ஆனா அது அவரின்ரை தண்ணியாம்."

நானும் நிலத்தில் கொஞ்சம் ஊற்றிவிட்டுக் குடித்தேன். அந்த வைன் எனக்குப் பிடித்திருந்தது.

செவ்வாய்க்கிழமை விடிய, மகள் மண்வெட்டியோடு வாய்க்கால் வரம்பில் போய் நின்றாள். நானும் போனேன். தண்ணீர் வந்தது. அவளுடைய தோட்டத்து வாயைத் தொட்டுக்கொண்டு, உள்ளே போகாமல், கீழே மிளகாய்த் தோட்டத்துக்கு ஓடியது. பந்தலில் இலைகள் ஓரம் சுருண்டு கிடந்தன. இதுதான் நேரம் என்று எனக்குத் தெரியும். இந்தக் கஷ்டம் உனக்கு என்னத்துக்குப் பிள்ளை, வா போவம், அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறா என்று சொல்லுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. பாரிஸிலிருந்து அதைப் பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தேன்.

"ஏன் பிள்ளை நிக்கிறாய்? தண்ணி உனக்கில்லையே. போய்ப் படன்."

"என்ரை முறையப்பா. அவருக்கு ஒழுங்காப் போகுதோ எண்டு நான்தான் பாக்கவேணும்."

எனக்குக் கவலையாக இருந்தது. பிள்ளையைப் பற்றிப் பெருமையாகவும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு, தண்ணீர் நிற்கும்வரை அவளோடு நின்றேன்.

திரும்பி வந்த அன்று, வீட்டுக்குப் போகாமல் சூட்கேஸை இழுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனேன். மனைவி பாகற்காய்ப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். என் பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்த்தாள். பிறகு சூட்கேஸை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். அது லேசாகத்தான் இருந்தது.

"நீங்கள் கேக்கேல்லை."

"இல்லை."

"ஏன்?"

"அவளுக்கு அங்கை தண்ணி முறை இருக்கப்பா. செவ்வாய்க்கிழமை."

மனைவியும் தோட்டக்காரர் வீட்டில் பிறந்தவள்தான். இவளுடைய சீதனத்தில் கிணற்றில் ஒரு பங்கும் வாய்க்கால் உரிமையும் சேர்த்தே எழுதியிருந்தது. லா ஷப்பலுக்கு வந்த நாளிலிருந்து நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம். சூட்கேஸை வெங்காய மூட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"வேறை ஆக்கள் அதிலை கை வைக்கேலாதோ?"

"ஏலாது."

ஓம் என்று தலையாட்டிவிட்டுப் பாகற்காய்க்குத் திரும்பினாள். கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காத மாதிரி நின்றேன்.

இப்போதும் மகளுக்கு அவள் தினமும் போன் எடுக்கிறாள். சாப்பிட்டாயா, குளிருதா என்று அரைமணி நேரம் கதைப்பாள். செவ்வாய்க்கிழமை மட்டும் எடுப்பதில்லை. நான் எடுக்கப்போனாலும் விடமாட்டாள்.

"பிள்ளை தண்ணி மாறுற நேரம்" என்பாள். "குழப்பாதேங்கோ."