மூன்றாவது புகை

நேற்று காஸ் முடிந்துவிட்டது. மனைவி வீட்டு வளவில் மூன்று கல் வைத்து, தென்னம்பாளையை எரித்துச் சோறாக்கினாள். சாப்பிட்டு முடிவதற்குள் நான் நாலு தரம் எழுந்துபோய் அணைந்த அடுப்பில் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன். "இன்னும் எத்தன தரம் தண்ணி ஊத்துவீங்க?" என்று சிரித்தாள். என்ன செய்வது, எனக்கு இது குடும்ப வியாதி.

தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்களை மன்னாரை விட்டு வெளியேறச் சொன்னபோது எங்கள் அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. ஆலங்குடா அகதி முகாமுக்கு வந்த பிறகும் உம்மா கேட்டுக்கொண்டே இருப்பார்: "மகன், அடுப்ப நூத்தனா?" "நூத்தீங்க உம்மா" என்பேன். உண்மையில் அணைத்தாரா என்று நான் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எரியும் அடுப்பை விட்டு வாசல் தாண்ட எனக்கு முடிந்ததில்லை.

வாலிபத்தில், சிலாபத்துக் கூட்டாளி ஒருவன் பிடித்துக்கொடுத்த வேலை. இத்தாலியில் ஒரு மலைக்கிராமம். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரைப் பராமரிக்க வேண்டும். ஊரின் சரித்திரம் முழுவதும் அவரிடமிருந்த தடித்த கொப்பியில் இருந்தது. அங்கே ஆட்களை எண்ணுவதில்லை. குளிர்காலத்தில் ஒரு நாள் தேவாலய முற்றத்தில் நின்று, புகைபோக்கிகளில் எழும் புகையை எண்ணி எழுதுவார்கள். நூற்றாண்டுக் கணக்கில் அப்படித்தானாம். கொள்ளைநோயில் பாதி அடுப்பு அணைந்தது, மலை சரிந்து மேல்தெரு போனது, மிஞ்சியவர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள் என்று பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டுவார். நான் போனபோது மூன்று புகை. ஒன்று அவருடையது. தான் இருக்கும்வரை மூன்று என்றே எழுத வேண்டும், அவருக்கு வேறு ஆசையில்லை.

எண்ணும் நாளில் அவரைக் கம்பளியால் போர்த்தி, சக்கரக் கதிரையில் தள்ளிக்கொண்டு போனேன். "ஒன்று, இரண்டு" என்று விரலை நீட்டினார். விரல் அப்படியே நின்றது.

"எங்கட வீடு?"

வெளிக்கிடுமுன், வழக்கம்போல, ஒரு வாளித் தண்ணீரை அடுப்பில் கவிழ்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

"ஓடிப்போய் மூட்டிட்டு வாறன். மூண்டு எண்டே எழுதுங்க" என்று கெஞ்சினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கண்டதத்தான் எழுதணும்" என்றார். இரண்டு என்று எழுதினார். ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த குளிருக்கு முன் மௌத்தாகிவிட்டார். கொப்பியில் அதுதான் கடைசி வரி. அவர் உயிரோடிருக்கும்போதே அவருடைய வீடு ஊர்ச் சரித்திரத்திலிருந்து அணைந்துபோனது.

இப்போது அங்கே ஒரு புகையும் இல்லை என்று கூட்டாளி சொல்கிறான். மன்னார் வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடு. உம்மாவும் போய்விட்டார். கடைசி வாரம்வரை அவர் கேட்டார், நானும் "நூத்தீங்க உம்மா" என்றேன். இத்தாலியில் நான் நூத்த அடுப்பைப் பற்றி மட்டும் அவரிடம் சொல்லவேயில்லை.