தம்பியின் பெயரில் ஒரு மேசை

அந்த இடத்தை நினைத்தால் முதலில் மூக்கில் ஏறுவது பாலாடைக்கட்டியின் மணம்தான். லண்டன் நகர மத்தியில் ஓர் இத்தாலிய உணவுச் சந்தை. கூரையிலிருந்து உப்பிட்ட பன்றித்தொடைகள் தொங்கும். அவற்றின் கீழேயே மேசை போட்டுச் சாப்பாடு. இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் சனிக்கிழமை மத்தியானம் அங்கே கால் வைக்க இடமிருக்காது. வாசலில் ஒரு பெண் பெயரை எழுதிக்கொள்வாள். மேசை கிடைத்ததும் உரக்கக் கூப்பிடுவாள்.

என் அக்காவின் கணவரான அத்தான் எங்கே காத்து நின்றாலும் தன் பெயரைக் கொடுக்க மாட்டார். தன் தம்பியின் முழுப் பெயரையும் தகப்பன் பெயரோடு சேர்த்து எழுத்தெழுத்தாகச் சொல்வார். "அவன் கூட்டத்திலை நிண்டால் காதிலை விழும்தானே" என்பார். வெளிநாட்டுக்குக் களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து அண்ணனும் தம்பியும் ஒன்றாகத்தான் புறப்பட்டார்கள். படகில் இடம் போதாமல் அத்தான் முதலில் இத்தாலிக் கரை சேர்ந்தார். தம்பி ஏறிய அடுத்த படகு வரவேயில்லை. இரண்டு வருஷம் அங்கேயே சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக் காத்திருந்துவிட்டுத்தான் அத்தான் லண்டன் வந்தார்.

ஒரு சனிக்கிழமை நானும் அவரும் அந்தச் சந்தைக்குப் போனோம். அன்றைக்கு அவர் உம்மென்றே இருந்தார். பத்து வருஷமாகியும் தகவல் இல்லை. தம்பிக்குக் கடைசிக் கிரியைகளைச் செய்துவிட அக்கா படாதபாடு பட்டு அவரைச் சம்மதிக்க வைத்திருந்தாள். திங்கட்கிழமை அக்கா வீட்டுக்கு ஐயர் வருவதாக ஏற்பாடு.

"இண்டைக்கு ஒருக்காக் கூப்பிட்டுப் பாப்பம். பிறகு விட்டிடுறன்" என்று வாசலில் தம்பியின் பெயரையே கொடுத்தார்.

ஒரு மணி நேரம் நின்றும் எங்களைக் கூப்பிடவில்லை. பசி பொறுக்காமல் நான் போய்க் கேட்டேன். அந்தப் பெண் தாளைப் பார்த்தாள். அந்தப் பெயர்க்காரர் அப்போதே தனியாக வந்து உட்கார்ந்துவிட்டார் என்று மூலையைக் காட்டினாள். அத்தான் ஆட்களை இடித்துக்கொண்டு ஓடினார்.

மேசையில் ஒருவருமில்லை. கதிரை பின்னால் இழுபட்டிருந்தது. தட்டில் ஆவி பறக்கும் சோறும் மீனும், பக்கத்தில் நிறைந்த தண்ணீர்க் கிளாஸ். கரண்டியைக்கூட யாரும் தொடவில்லை. எழுந்து போனவரை ஒருவரும் காணவில்லை. அத்தான் கதிரையில் கை வைத்தார்.

"சூடாக் கிடக்கு. வச்சுப் பார்."

வைத்தேன். ஐஸ்கட்டியைத் தொட்டதுபோல் இருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சூடுதானே?"

"ஓம் அத்தான்."

தெருவுக்கு வந்ததும் ஐயருக்குப் போன் எடுத்தார். "ஐயா, திங்கட்கிழமை வரவேண்டாம். தம்பி உயிரோடை இருக்கிறான்." சொல்லும்போது அழுதார், சிரித்தார்.

யாரோ பசிக்காரன் அடுத்தவன் மேசையைப் பிடித்திருப்பான் என்கிறாள் அக்கா. இருக்கலாம். அத்தானுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. அந்தக் கிரியை இன்னும் நடக்கவில்லை. எங்கள் வீடுகளில் ஒருவர் செத்த எட்டாம் நாள், அவருக்குப் பிடித்ததைச் சமைத்துத் தண்ணீரோடு படைத்து, வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்போம். ஒவ்வொரு முறை அப்படி நிற்கும்போதும் எனக்கு அந்த மேசைதான் நினைவுக்கு வரும். அன்று நான் கதிரை குளிர்ந்து கிடக்கிறது என்று உள்ளதைச் சொல்லியிருந்தால், அந்தத் திங்கட்கிழமையே அவருடைய தம்பிக்கும் ஒரு பிடி சோறு கிடைத்திருக்கும்.